ஆவணப்படி நாற்பது மீட்டர்

பீரங்கிகளைக் கழற்றிய பிறகும் வீரம் குறையாத கப்பல் உலகில் ஒன்றே ஒன்றுதான். போர்க்கப்பலாக இருந்த பதினெட்டு ஆண்டுகளில் அது ஓர் எதிரியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அந்தச் சாதனைக்காகவே கடலை அளக்கும் கப்பலாகப் ‘பதவி உயர்வு’ பெற்றது. குண்டுகள் இருந்த அறையில் வரைபடங்கள் ஏறின. கப்பல் தலைவர் மட்டும் மாறவில்லை.

ஆழம் பார்க்க ஒருவரைப் புதிதாக நியமித்தார்கள். ஆழக்காரர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். வந்த மூன்றாம் மாதமே அவர் ஒரு பெரிய தவறு செய்தார்: நிஜமாகவே அளந்துவிட்டார். துறைமுகத்துக்குச் சற்று வெளியே, வரைபடம் நாற்பது மீட்டர் என்ற இடத்தில் கருவி இரண்டு மீட்டர் என்றது. அடியில் பாறை.

“நாப்பதுன்னு கையெழுத்து வச்சது யாரு தெரியுமாய்யா? இப்ப தளபதியா இருக்கறவரு!” என்றார் கப்பல் தலைவர்.

“ஆனா பாறை இருக்குதுங்க ஐயா.”

“யாரைக் கேட்டு இருக்குது?”

ஆழக்காரர் எழுதிக் கொடுத்தார். நான்கு முறை எழுதினார், நான்கு முறையும் கூட்டம் கூடியது. ‘பாறையின் இருப்பு பரிசீலனையில் உள்ளது’ என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில் மனைவி விடவில்லை. “என் தம்பி அந்தப் பக்கந்தான் வலை போடுறான். படகு உடைஞ்சா உங்க தீர்மானத்தைப் பிடிச்சுக்கிட்டா நீந்துவான்?”

ஆழக்காரர் மறுநாளே மச்சினனிடம் போய்ச் சொன்னார். அவன் பாறைக்கு மேலே ஒரு சிவப்பு மிதவையைக் கட்டிவிட்டான். ஆறு மாதமாக எந்தப் படகுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒழுங்கீனத்தைக் கப்பல் தலைவர் பொறுப்பாரா? ‘அனுமதியற்ற மிதவை’யை அறுத்தெறிய வைத்தார்.

கப்பலுக்கு வெள்ளிவிழா வந்தது. தளபதியே ஏறினார். ஆழக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஐயா, கொஞ்சம் இடது பக்கமா ஒதுங்கிப் போயிடலாம்.”

“அவரை வச்சுக்கிட்டே அவர் கையெழுத்தைச் சுத்திக்கிட்டுப் போறதா?” என்று சீறினார் கப்பல் தலைவர்.

கப்பல் நேராகவே போனது. நாற்பது மீட்டர் ஆழத்தில் தரைதட்டி, வயிறு கிழிந்து, பக்கவாட்டில் சாய்ந்தது. தொப்பி இழந்த தளபதியைக் குழந்தைபோல் தூக்கிப் படகில் போட்டவன் மச்சினன்தான்.

பாறையை ‘நேரடியாகக் கண்டறிந்த’ துணிச்சலுக்குக் கப்பல் தலைவருக்குப் பதக்கம் கிடைத்தது. ஆழக்காரருக்கு விசாரணை கிடைத்தது.

“பாறை இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியும். மறுக்கறீங்களா?”

“இல்லைங்க. அதான் நாலு தடவை எழுதிக் குடுத்தேனே!”

விசாரணை அதிகாரி நான்கு கடிதங்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். நெகிழ்ந்துபோய்ப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

“எவ்வளவு நேர்மையான மனுஷன் பாருங்க! குத்தத்துக்கு வேண்டிய நாலு சாட்சியையும் தன் கையாலயே எழுதிக் குடுத்திருக்காரு.”