வலது கையிலிருந்து இடது கைக்கு

“உள்ளே என்னடா பண்றே? சலூன்காரர் வந்து உட்கார்ந்து ரெண்டு டீ குடிச்சாச்சு. மூணாவது கேக்குறார்.”

குளியலறைக்குள் ஹில்மி தேய்த்துக்கொண்டே இருந்தான். வலது கை முழுக்க சோப்பு நுரை. நுரைக்கு நடுவே வெள்ளி மோதிரம், வாடகை தராமல் வீட்டைப் பிடித்துக்கொண்ட குடித்தனக்காரனைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“குளிக்கிறேம்மா.”

“ஒரே ஒரு கையை எவ்வளவு நேரம்டா குளிப்பாட்டுவே? சாவித் துவாரத்துல பாத்துட்டுத்தான் கேக்குறேன். கதவைத் திற.”

திறந்தான். நபவிய்யா மகனின் விரலைப் பார்த்தாள். விரல் தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது.

“கழல மாட்டேங்குதும்மா.”

“இன்னிக்கா?”

“நேத்து கழண்டுதா என்ன? இன்னிக்குத்தான் கழட்டிப் பாத்தேன்.”

நிச்சயத்தன்று வலது கையில் போட்ட மோதிரத்தைக் கல்யாண மேடையில் மணப்பெண் கழற்றி, மாப்பிள்ளையின் இடது கைக்கு மாற்ற வேண்டும். அவளுடையதை இவன் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் குலவை, மேளம், சாப்பாடு எல்லாம். எகிப்தின் தும்யாத் நகரத்தில் மோதிரம் மாறாமல் எந்தக் கல்யாணமும் கல்யாணமாகத் தெரியாது.

போட்டபோது அந்த மோதிரம் அவனுக்குத் தொளதொளப்பு. கையை உதறினால் எதிர்வீட்டு மாடியில் போய் விழும். அதனால் உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டிருந்தான். ஆனால் புது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, அப்புறம் தரை போடுவது, அப்புறம் போட்ட தரையைப் பெயர்ப்பது என்று கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. அத்தனை காலமும் வெள்ளிக்கிழமை தவறாமல் பெண் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மணப்பெண் நெஸ்மாவின் அம்மா கவ்கப், வெங்காயம் அடைத்து வேகவைத்த வாத்தை முழுசாகக் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பாள். “போதும் அத்தை” என்ற சொல் அந்த வீட்டில் யார் காதிலும் விழாது. மாமனார் பயூமி வாயே திறக்க மாட்டார். தேநீருக்குச் சர்க்கரை வேண்டுமென்றால்கூட மோதிர விரலால் கண்ணாடித் தம்ளரில் ‘டிங்’ என்று ஒரு தட்டு. ஹில்மியின் தட்டு காலியானாலும் அதே ‘டிங்’. உடனே இன்னொரு துண்டு வந்துவிடும்.

மாமனாரைப் பற்றி ஹில்மிக்குக் கவலை இல்லை. அத்தையிடம்தான் பயம். போன வாரம் வழியனுப்பும்போது அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்:

“எங்க சொந்தக்காரப் பொம்பளைங்க எல்லாரும் முன் வரிசையில இருப்பாங்க மாப்பிள்ளை. அவங்க கண்ணு உங்க மோதிரத்து மேலதான் இருக்கும். என் அக்கா வேற வர்றா. அந்த நேரத்துல என் மானம் உங்க கையிலதான் இருக்கு.”

மானம் இப்போது கையிலேயேதான் இருந்தது. கழலவில்லை.

“நீ பள்ளிக்கூடத்துல இதைத்தானே பாடம் நடத்துறே?” என்றாள் நபவிய்யா.

“உராய்வும்மா. அதைக் குறைக்கணும். அவ்வளவுதான் விஷயம்.”

“குறைச்சியா?”

“குறைச்சேன். ஆனா இழுக்கிற கைக்கும் சேர்ந்து குறைஞ்சு போச்சு. பிடியே நிக்கல, வழுக்குது.”

“இதைக் கண்டுபிடிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்? நகரு.”

அவள் நெய் டப்பாவோடு வந்தாள். விரலில் தாராளமாகப் பூசினாள். மோதிரத்தை மட்டும் துண்டால் இறுக்கிப் பிடித்து, கதவு நிலையில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள். மோதிரம் நகர்ந்தது. அதே சமயம், சோப்புத் தண்ணீர் கிடந்த தரையில் அவளுடைய மற்றொரு காலும் நகர்ந்தது. ‘தொப்’ என்று உட்கார்ந்தாள்.

“வந்துடுச்சா?” என்றாள், தரையில் இருந்தபடியே.

“பாதி வழி வந்திருக்கும்மா.”

“பாக்கி?”

ஹில்மி கையைத் தூக்கிக் காட்டினான். அடியில் நிம்மதியாகக் கிடந்த மோதிரம் இப்போது விரல் மூட்டின் மேலேயே ஏறி நின்றுகொண்டிருந்தது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. மூட்டு கோபத்தில் உப்பத் தொடங்கியிருந்தது.

“முன்னாடியாவது மோதிரம் மாதிரி இருந்துச்சு,” என்றான் பரிதாபமாக.

கூடத்திலிருந்து சலூன்காரர் குரல் கொடுத்தார். “மாப்பிள்ளைக்கு மனசு மாறிடுச்சுன்னா சொல்லிடுங்க. எனக்கு வேற கல்யாணமும் இருக்கு.”

நாற்காலிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஃபத்ஹி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். அம்மாவைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அறைக்கு அனுப்பினான். தம்பியின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மேஜை இழுப்பறை சிக்கிக்கிட்டா என்ன செய்வோம்? நேரா இழுக்கவே கூடாது. ஆட்டி ஆட்டி இழுக்கணும்.”

“நான் இழுப்பறை இல்லண்ணே.”

“வழவழன்னு இருக்குடா வாத்தியாரே, ஆட்டவே முடியல. கொஞ்சம் பிடிப்பு வேணும். உராய்வைக் கூட்டணும்.”

“இப்பத்தானே அம்மா குறைச்சாங்க.”

ஃபத்ஹி சட்டைப் பையைக் கவிழ்த்தான். எப்போதும் அதில் கொஞ்சம் மரத்தூள் இருக்கும். நெய்யில் மரத்தூள் விழுந்ததும் இரண்டும் கலந்து கெட்டியான மாவாகி, மோதிரத்தைச் சுற்றி முத்திரை வைத்ததுபோல் பிடித்துக்கொண்டது.

“இது எங்க பட்டறையில பிளவு அடைக்கிற கலவை மாதிரியே இருக்குடா,” என்றான் ஃபத்ஹி, கொஞ்சம் பெருமையாகவே.

ஹில்மிக்கு அப்போது ஒன்று தோன்றியது. வகுப்பில் பிள்ளைகள் கைதட்டும் ஒரே பாடம் அதுதான். மேஜைமேல் தட்டுகள் இருக்கும்; விரிப்பை மெதுவாக இழுத்தால் தட்டுகளும் கூடவே வரும்; வெடுக்கென்று இழுத்தால் விரிப்பு மட்டும் வரும், தட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

“நாம மெதுவா இழுக்கிறதுதான் தப்பு. ஒரே இழுப்பு. விரலுக்கு விஷயமே தெரியக் கூடாது.”

“வகுப்புல தட்டு உடைஞ்சதே இல்லையா?”

“ஒண்ணு ரெண்டு உடைஞ்சிருக்கு. அது பிளாஸ்டிக் விரிப்பால.”

கெட்டி நூலின் ஒரு முனையை மோதிரத்தில் கட்டினார்கள். மறுமுனையைக் குளியலறைக் கதவின் கைப்பிடியில் கட்டினார்கள். ஹில்மி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். ஃபத்ஹி ‘பிஸ்மில்லா’ சொல்லிக் கதவை ஓங்கிச் சாத்தினான்.

ஏதோ ஒன்று கழன்றது. ஹில்மி கண்ணைத் திறந்து பார்த்தால் கதவின் கைப்பிடி. அது நூலில் தொங்கி அவன் முழங்காலில் ஆடிக்கொண்டிருந்தது. மோதிரம் மூட்டின் மேலேயே இருந்தது.

“கதவை எப்படித் திறக்கிறது?” என்றான் ஃபத்ஹி.

“கைப்பிடியால.”

இருவரும் கைப்பிடியைப் பார்த்தார்கள்.

வெளியே தெருவில் ஊர்வலக் கார்கள் வந்து ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன. சலூன்காரர்தான் தன் கத்தரிக்கோலை விட்டு நெம்பிக் கதவைத் திறந்தார். நூலில் கைப்பிடி தொங்க நின்ற மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். “முடி மட்டும்தானே வெட்டணும்?” என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முடி விழுந்துகொண்டிருக்கும்போதே ஹில்மி அடுத்ததை யோசித்துவிட்டான்.

“அம்மா, குளிர். குளிர்ல விரல் சுருங்கும். ஐஸ் எடுத்துட்டு வாங்க.”

“ஐஸ் ஏது? ஃப்ரீஸர் பூரா உன் மாமியார் அனுப்பின வாத்துதான்.”

புது வீட்டுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. அதனால் அத்தை சீதனமாக அனுப்பியிருந்த வாத்துகள் எல்லாம் இங்கேதான் உறைந்து கிடந்தன. நபவிய்யா ஒன்றைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். கல் மாதிரி இருந்தது. வெங்காயம் அடைக்க வசதியாக வயிற்றைக் காலிசெய்து வைத்திருந்தார்கள்.

ஹில்மி மரத்தூளைக் கழுவினான். மறுபடி நெய் பூசினான். கையை வாத்தின் வயிற்றுக்குள் நுழைத்தான்.

“அதை நாம சாப்பிடணும்டா.”

“நான் சாப்பிடலம்மா. சாப்பிட்ட வரைக்கும் போதும்.”

விரல் முதலில் எரிந்தது, பிறகு மரத்தது, பிறகு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. சலூன்காரர் மீசையைத் திருத்தி முடித்தார். ஹில்மி மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மெல்ல வெளியே இழுத்தான்.

வெறும் விரல்.

மோதிரம் உள்ளே விலா எலும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி எடுத்தார்கள். அம்மா மகனைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் வாத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

“பாருங்கடா, சிக்க வெச்சதும் சம்பந்தியோட வாத்து, கழட்டினதும் அவ வாத்து,” என்றாள் நபவிய்யா.

மேடைக்கு மோதிரம் வலது கையிலேயே இருக்க வேண்டுமே. விரல் மரமரப்பு தெளிவதற்குள் கொஞ்சம் நெய்யைத் தடவி, மூட்டைத் தாண்டாமல் நகத்துக்குச் சற்று மேலே ஒப்புக்கு மாட்டிக்கொண்டான் ஹில்மி. நெஸ்மா தொட்டாலே வந்துவிடும். அத்தையின் மானம் பட்டுப்போல நழுவி இடது கைக்குப் போய்விடும். காரில் போகும்போது அவனே ஹாரன் அடித்தான்.

கல்யாண மண்டபத்தில் முன் வரிசை நிறைய கவ்கப்பின் சொந்தக்காரப் பெண்கள். நடுவில் அவளுடைய அக்கா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. எல்லார் கண்ணும் அவன் கைமேல்தான்.

நெஸ்மாவின் மோதிரத்தை அவன் சிரமமில்லாமல் மாற்றினான். அடுத்து அவள் அவன் விரலைப் பிடித்தாள்.

“மெதுவா இழுக்குறேன். பயப்படாதீங்க,” என்றாள் உதட்டை அசைக்காமல்.

“பயமே இல்ல. தொடு, போதும்.”

தொட்டாள். நெய் தன் வேலையைச் செய்தது. மோதிரம் அவள் விரல்களுக்கு நடுவே வழுக்கி, பழத்திலிருந்து பிதுங்கிய கொட்டைபோலத் தெறித்தது. மேடையில் ஒரு முறை குதித்தது, பளிங்குத் தரையில் இறங்கியது, எங்கும் நிற்காமல் அமைதியாக உருண்டது. வழவழப்பான தரையில் உருளுகிற பொருளைத் தடுக்க உராய்வுக்கு அதிக வலு கிடையாது என்பதை ஹில்மி நன்றாக அறிவான். மோதிரம் நேராகப் போய் கவ்கப்பின் காலணியில் மோதி நின்றது.

குலவைக்கென்று வாயருகே போன கைகள் அப்படியே நின்றன. கவ்கப்பின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுடைய அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்து மெல்லப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையில் அன்பு கொஞ்சமும் இல்லை.

பயூமி எழுந்து, மோதிரத்தை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தார். நெஸ்மாவின் கண் கலங்கியிருந்தது. அவசரமாக அதை ஹில்மியின் இடது கை விரலில் போட்டுத் தள்ளினாள்.

மூட்டு வரை போயிற்று. நின்றது.

தள்ளினாள். போகவில்லை. பயந்து இழுத்தாள். வரவும் இல்லை. வலது கை பட்ட பாடு தெரியாமல் இடது கையும் அதே வாத்துகளைத் தின்று வளர்ந்ததுதானே. ஹில்மி பல்லைக் கடித்துக்கொண்டான். ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று கண்ணை மூடினான்.

அப்போதுதான் முன் வரிசை வெடித்தது. ஒரு குலவை, அதன்மேல் ஒரு குலவை, கூரை அதிர்ந்தது. பெண்கள் எழுந்து கவ்கப்பைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டார்கள். அக்காவின் புன்னகை போன இடம் தெரியவில்லை. கவ்கப் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே மேடையேறி வந்து, சிக்கிக்கொண்ட விரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

ஹில்மிக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மாமனாரிடம் குனிந்து கேட்டான். “மாமா, மோதிரம் சுளுவா கழண்டு வந்தப்ப அத்தை முகம் வெளுத்துப் போச்சு. சிக்கினப்புறம் சிரிக்கிறாங்க. என்ன மாமா இது?”

பயூமி தன் வலது கையை நீட்டிக் காட்டினார். முதிர்ந்த விரலின் சதைக்குள் பாதி புதைந்து, இடது கைக்கு ஒருநாளும் போகாத ஒரு வெள்ளி மோதிரம் அங்கே இருந்தது.

“மோதிரம் சுளுவா கழண்டுச்சுன்னா, பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்குச் சோறு போடலன்னு அர்த்தம் மாப்பிள்ளை. பின்ன அவ எதுக்கு உனக்கு வாரா வாரம் வாத்து சமைச்சான்னு நெனச்சே?”