ஒயரை நான் விடுவதாக இல்லை, சம்பந்தி!

வேலந்தாவளம்,
ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பிக்குப் பின்.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய சம்பந்தி, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் திரு. நல்லமுத்து அவர்களின் சமூகத்துக்கு, வேலந்தாவளம் அர்த்தநாரி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் செல்வலட்சுமியும் சுகம். கணவாய்க் காற்று வழக்கம்போல் வீசி, எங்கள் முருங்கை மரத்தில் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்குள் தள்ளிவிட்டது. காயை அவரே சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். நான் விட்டுக்கொடுக்கிற ஆள்தான் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன். அவ்விடம் கொழிஞ்சாம்பாறையில் தாங்களும், சம்பந்தியம்மாள் காளியாத்தாள் அவர்களும், மாப்பிள்ளை சதீஷும், என் மகள் சிவசங்கரியும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். தங்கள் பிரஷர் மாத்திரையைப் போட்டுவிட்டீர்கள் என்றால் மேற்கொண்டு படிக்கவும். இல்லையென்றால் போட்டுவிட்டு வரவும். காத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை குடும்ப வாட்சப் குரூப்பில் தாங்கள் போட்ட அறிவிப்பைச் செல்வலட்சுமி எனக்கு வாசித்துக் காட்டினாள். "அர்த்தநாரி சம்பந்தி பொம்மை ரயில் ஓட்டும் தம்முடைய ஒயர் சிஸ்டத்தைக் கைவிட்டுப் போனில் ஓட்டும் சிஸ்டத்துக்கு மாறினாலொழிய, வாயனசாலை வார்ஷிகத்தில் அவருடைய பாதி மேசை இணைக்கப்படமாட்டாது." ஊர் நூலகத்து ஆண்டு விழாவுக்கு, கடன் கட்டாதவன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிற பாஷை. அதற்குக் கீழே தங்கள் தம்பி கட்டைவிரலைத் தூக்கியிருந்தார். பொள்ளாச்சியிலிருந்து யாரோ ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் சொல்லியிருந்தார்கள். நான் பதில் போடவில்லை. என்னால் அந்தப் போனில் எழுத முடியாது என்று தங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே போட்டீர்கள். ஆகவே பேனாவால் எழுதுகிறேன்: மாறமாட்டேன்.

பழையதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. சிவசங்கரியைப் பொண்ணு பார்க்க வந்த அன்று, தாங்கள் பொண்ணைப் பார்த்ததைவிட மாடியில் என் பொம்மை ரயிலைப் பார்த்ததுதான் அதிகம். பாவம், அவள் காப்பித் தட்டோடு மாடி ஏறி வந்து கொடுத்தாள். அப்போது என்னிடம் இருந்தது ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு குமிழ், ஒரு இஞ்சின். குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் கரண்ட் போகும், வண்டி போகும். கஞ்சிக்கோட்டு மில் புகைபோக்கியிலிருந்து வாளையார்க் காடு வரைக்கும் ஒரு மேசை நிறைய நான் செய்து வைத்திருந்தேன். கல்யாணம் முடிந்த கையோடு தாங்களும் ஒரு மேசை செய்தீர்கள். அதில் ரயில் போடிமெட்டு ஏறுகிறது. போடிமெட்டுக்கு ரயிலே கிடையாதுங்க, அது போடிநாயக்கனூரோட நின்னுடும் என்று அன்றைக்கே சொல்ல வாயெடுத்தேன். சொந்தமாச்சே, ஒறம்பரை ஆச்சே என்று விழுங்கிவிட்டேன்.

ரெண்டு மேசையையும் சேர்த்து ரெண்டு பேரும் ஆளுக்கொரு வண்டி ஓட்டலாம் என்று ஆசைப்பட்டது நீங்கதானுங்க. பழைய முறையில் அது நடக்காது, ஒரே தண்டவாளத்தில் எத்தனை வண்டி நின்றாலும் குமிழைத் திருகினால் அத்தனையும் கிளம்பிவிடும். டிஜிட்டல் சிஸ்டம் என்றால் ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஒரு நம்பர், அதன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது அசையும் என்று படித்துச் சொன்னதும் நீங்கதான். சரி என்று பாலக்காட்டில் அஷ்ரஃப் கடைக்குப் போனோம். அவன் ரெண்டு பெட்டியை எடுத்து வைத்தான். ஒன்றில் ஒயர் மாட்டின கைக்கருவி, நடுவில் குமிழ். இன்னொன்றில் கருவியே இல்லை, அவரவர் போனே கருவி. நான் முதலாவதைத் தொட்டேன், நீங்க ரெண்டாவதைத் தொட்டீங்க. "அண்ணா, எது எடுத்தாலும் நல்லதுதான். ஆனா ஒரு மேசைல ஓட்டறவங்க ஒரே சிஸ்டம் எடுத்தா மதி, அது போதும், இல்லேன்னா பின்னே தகராறாக்கும்" என்று அஷ்ரஃப் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். நாம ரெண்டு பேரும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்"னு ஒரே குரல்ல சொன்னோம். நாம ஒத்துப்போனது அதுதான் கடைசி.

முதல்ல உங்க ஊட்ல, உங்க சிஸ்டத்துல ஓட்டிப் பார்த்தோமே, அது நெனப்பிருக்குதுங்களா? உங்க இஞ்சினும் என் இஞ்சினும் எதிரும் புதிருமா நின்னுது. நீங்க போனைத் தடவுனீங்க, என் இஞ்சினும் சேர்ந்து கிளம்புச்சு. "பாருங்க சம்பந்தி, உங்க இஞ்சின் சொல்லாமயே என் பேச்சைக் கேக்குது"ன்னு எகத்தாளமாச் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டும் நேரா வந்து முட்டிக்கிச்சு. என் இஞ்சினுக்கு மூக்கு போச்சு. புதுசா வாங்கற எல்லா இஞ்சினுக்கும் கம்பெனியில மூணுங்கற நம்பரையே போட்டு அனுப்பறாங்க, நாமதான் மாத்திக்கோணும்னு பொஸ்தகத்துல மொதப் பக்கத்துலயே இருந்துதுங்க. அதை நீங்களும் படிக்கலை, நானும் படிக்கலை. மாப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு. அப்பவாவது வாயை மூடியிருக்கலாம், நீங்க அவர்கிட்ட "நீ சும்மா இரு"ன்னீங்க.

அப்புறம் வாயனசாலையில ஒத்திகை. நம்பரெல்லாம் மாத்தியாச்சு. தலைவர் பவுல்ராஜ் சார் வெள்ளை வேட்டியும் கையில டீயுமா உக்காந்திருந்தாரு, ஊர்ல பாதிப் பேர் சுத்தி நின்னாங்க. நீங்க போனை என் கையில கொடுத்து "ஓட்டுங்க சம்பந்தி"ன்னீங்க. தடவுனேன். போகலை. மறுக்கா தடவுனேன். இன்னொரு விரலை வெச்சேன். போகலீங்க. கஞ்சிக்கோட்டு இரும்பு மில்லுல வருசக்கணக்காச் சூட்டுக் கம்பி பிடிச்ச விரலுங்க இது, ரேகையெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு. ரேசன் கடை மெசினே இதை மனுசன் விரல்னு ஒத்துக்கறதில்ல, செல்வலட்சுமி விரலை வெச்சாத்தான் எங்க ஊட்டுக்கு அரிசி. அந்த இடத்துல, அத்தனை பேர் முன்னால, நீங்க என்ன சொன்னீங்க? "சம்பந்தி விரல் பழைய மாடலுங்க, இனி அப்டேட் வராது"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்குப் பொழுதோட எனக்குச் சோறு எறங்கலீங்க சம்பந்தி. அதை இதுவரைக்கும் ஆருகிட்டயும் சொல்லலை.

ஆனாலுமுங்க, மேல இருக்கறவன் பார்த்துட்டுத்தான் இருந்திருக்கான். போனை வாங்கி நீங்க ஓட்ட ஆரம்பிச்சதும் இன்சூரன்ஸ்காரன் கூப்பிட்டான். நீங்க "ஹலோ, ஆமா, நானேதான் பேசறேன்"னு வெளிய போயிட்டீங்க. வண்டிக்கு அது தெரியுமுங்களா? கடைசியாச் சொன்ன வேகத்துலயே போடிமெட்டு ஏறி, வளைவு தாண்டி, மேசை முடியற எடத்துல தடுப்பு வைக்காததால நேரா பவுல்ராஜ் சார் மடியில போய் எறங்குச்சு. டீ வேட்டியில. போனு வந்தா வண்டி நிக்கோணுமா ஓடோணுமான்னு தெரியாத ஒண்ணைத்தான் நீங்க சிஸ்டம்ங்கறீங்க. நான் சிரிக்கலீங்க. செல்வலட்சுமி சிரிச்சா, அது அவ பாடு.

அதுக்கப்புறம்தான் நான் என் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைக்கு மாட்டுனேன். உங்க மேசைக்கு உங்க பெட்டி. ஆளுக்கொரு ராஜ்ஜியம், என்ன தப்பு? என் வண்டி வாளையார்ல இருந்து கிளம்பி ரெண்டு மேசையும் சேர்ற எடத்துல முன் சக்கரம் அக்கட்ட, பின் சக்கரம் இக்கட்டன்னு நின்ன நிமிசம் 'டப்'புன்னுச்சு. உங்க பெட்டியில இருந்து புகை. "உங்க பெட்டி என் பெட்டியை அடிச்சுக் கொன்னுடுச்சு"ன்னு நீங்க கத்துனீங்க. பெட்டி என்னங்க ரவுடியா? அஷ்ரஃப் வந்து மோந்து பார்த்துட்டு, "ஒரு தண்டவாளத்துல ரெண்டு பேர் கரண்ட் கொடுக்கப் பாடில்லா, கூடாதுன்னு நான் அன்னைக்கே பறஞ்சதல்லே"ன்னு சொல்லி, சரி பண்ணித் தர்றேன்னு எடுத்துட்டுப் போனான். புகை வந்த அன்னைக்கே என் மேசையையும் பெட்டியையும் எங்க ஊட்டு மாடிக்கு ஏத்திட்டேன், அதுல இருந்து கோவத்துல நான் மாடிப்படியே மிதிக்கலீங்க.

இப்பச் சிவசங்கரி போன் பண்ணுனா. "அப்பா, இங்க உங்க பேரைச் சொன்னா மாமா டிவி சத்தத்தைக் கூட்டறாரு. அங்க மாமா பேரைச் சொன்னா நீங்க கெணத்து மோட்டாரைப் போடறீங்களாமா. இந்த நோம்பிக்கு நாங்க எந்த ஊட்டுக்குத்தான் வாறது?"ன்னு கேட்டா. மகளுக்காக விட்டுக்கொடுக்கலாம்தான். கல்யாணத்துல மண்டபம் நீங்க சொன்னது, சமையல்காரர் நீங்க சொன்னவர், முகூர்த்தங்கூட உங்க ஜோசியர் குறிச்சது. எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். இதுக்கு ஆட்டமாட்டேன். குமிழுங்கறது திருகுனா விரலுக்குத் தெரியோணும், எவ்வளவு தூரம் திருகியிருக்கறோம்னு பார்க்காமயே தெரியோணும். கண்ணாடியைத் தடவிட்டு வண்டி ஓட்டறதா நெனைச்சுக்கறது உங்க இஷ்டம். என் விரல் சொல்றதைக் கேக்காத ரயிலு எனக்கு வேண்டாமுங்க. உங்க மேசை உள்ள இருக்கட்டும், நான் வாயனசாலை வாசல் முத்தத்துல தனியா மேசை போட்டு ஒயர்லயே ஓட்டுவேன். மழை வந்தா குடை பிடிச்சுட்டு ஓட்டுவேன். கரண்ட் போனா கையில தள்ளி ஓட்டுவேன். குரூப்புல போட்டு எத்தனை பேரு விரலைத் தூக்குனாலும் சரி, இதுல மாத்தமில்லை. இதே கடுதாசியை நீங்க போட்டோ எடுத்து அதுலயே போட்டுக்கலாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் பதினாறு பேறும் பெற்று வாழ என் ஆசி. தாங்கள் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு நூறாண்டு இருந்து, நான் ஒயரில் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று பிரார்த்திக்கும்,

மரியாதையும் மாறாத, சிஸ்டமும் மாறாத,
அர்த்தநாரி.

பின்குறிப்பு: கவர் எடுக்க மாடிக்குப் போனேனுங்க. அஷ்ரஃப் கடையில் ரிப்பேருக்குக் கிடக்கிறது என்று நீங்க நம்பிக்கொண்டிருக்கும் பெட்டி சரியாகி என் மேசை மேல உக்காந்திருக்குது. பக்கத்துல செல்வலட்சுமி கையில ஒரு போன். அவளுக்குப் பக்கத்துல, தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுக் கிளம்புன சம்பந்தியம்மா, கையில இன்னொரு போன். நான் கீழ கதவைச் சாத்திட்டு எழுதுனப்ப வந்திருக்காங்க. ஒரு பெட்டிக்கு எத்தனை போன் வேண்டுமானாலும் சேருமாம். ரெண்டு வண்டியும் ஒண்ணுக்கொண்ணு வழி விட்டு, முட்டாம மோதாமப் போயிட்டிருக்குது. "என் பெட்டி எங்க?"ன்னேன். "அஷ்ரஃபுகிட்டத் திருப்பிக் கொடுத்தாச்சு. அவரு பணத்துக்குப் பதிலா ஒரு செட் கூட்ஸ் வண்டி கொடுத்தாரு"ன்னா செல்வலட்சுமி. "ஆரைக் கேட்டுக் கொடுத்தே?"ன்னு கத்துனேன். சம்பந்தியம்மா திரும்பாமயே, "அண்ணா, சித்த நேரம் சத்தம் போடாதீங்க, வாளையார் வருது"ன்னாங்க. கத்த வந்தது எனக்கு மறந்து போச்சுங்க. அந்த வண்டி வாளையார் பிளாட்பாரத்துல நின்ன நிதானம் இருக்கே, நானே அப்படி ஒருக்காவும் நிறுத்துனதில்லை.

வார்ஷிகத்துக்கு ரெண்டு மேசையும் ஒண்ணா, உங்க சிஸ்டத்துல, ஓட்டறது அவங்க ரெண்டு பேருன்னு முடிவாயிடுச்சு. மேலே எழுதினதுல ஒரு வார்த்தையும் நான் வாபஸ் வாங்கலை, ஆனா நடக்கப்போறதுல அது ஒண்ணும் இல்லை. கடுதாசியைச் சம்பந்தியம்மா கையிலயே கொடுத்தனுப்பறேன். "எங்க போயிருந்தேன்னு அவருக்குத் தெரியட்டும்"ங்கறாங்க. எனக்கு விசில் ஊதற வேலை கொடுத்திருக்காங்க. உங்களுக்குக் கொடி காட்டற வேலையாம். பச்சை மட்டும் எடுத்துட்டு வாங்க சம்பந்தி, சிவப்பை ஊட்லயே வெச்சுட்டு வாங்க.