மிளகு ஓடியது ஏன்?

விரல் சாமி வந்ததிலிருந்து மருத்துவமனை ஈ ஓட்டியது. அவர் தங்கிய மாடிவீட்டுப் படிக்கட்டிலோ கால் வைக்க இடமில்லை.

வித்தை இதுதான். கிண்ணத்தில் தண்ணீர், மேலே மிளகுத்தூள். தூள்தான் உங்கள் உடம்பின் விஷமாம்! சாமி கண்ணை மூடி நடுவில் விரல் வைப்பார். தூள் அலறியடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடும். உண்டியல் நிறையும். மிளகே ஓடும்போது மூளை மட்டும் நிற்குமா? அதுவும் ஓடிவிட்டது.

தையல்காரியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. கணவனுக்குக் காலில் ஆணி குத்திய புண். "தண்ணி, சோப்பு எதுவும் படக்கூடாது, என் சக்தி போயிடும்" என்று சாமி சொல்லியிருந்தார். அவளும் பயபக்தியோடு கழுவாமலே வைத்தாள். புண் சீழ் பிடித்தது. மனுஷன் காய்ச்சலில் பிதற்றினான்.

பார்க்க வந்த நாத்தனார் பதறினாள். "அண்ணனைக் கொன்னுடுவீங்க போலிருக்கே அண்ணி!"

"வாயக் கழுவு! விஷம் ஓடுறத என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"வாங்க, நானும் பார்க்கிறேன்."

மாடியில் சாமி தொட்டார், மிளகு ஓடியது. நாத்தனார் அதே கிண்ணத்தில் புதுத்தூள் தூவினாள்.

"விஷம் திரும்பி வந்துடுச்சு சாமி. இன்னொரு தடவை விரட்டுங்க."

தொட்டார். ம்ஹூம். மிளகு சட்டை செய்யவில்லை.

"நம்பாதவ நிக்கிற இடத்துல சக்தி வராது!" என்று சாமி சீறினார்.

"அப்போ நம்புறவங்க தொடட்டும்." நாத்தனார் வேறு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றித் தூள் போட்டாள். பையிலிருந்த சோப்பை அண்ணியின் விரலில் தேய்த்தாள். "எண்ணெய்ப் பாத்திரம் கழுவுறப்ப சோப்பு பட்டதும் எண்ணெய் விலகி ஓடுறத தினமும் பார்க்கிறதுதானே? சோப்பு கலந்த தண்ணியில மறுபடி ஓடாது, அதான் புதுத் தண்ணி. தொடுங்க அண்ணி."

தையல்காரி தொட்டாள். மிளகு பறந்தது!

"தாயே, காப்பாத்து!" என்று ஒருவர் அவள் காலிலேயே விழுந்துவிட்டார். அடக் கடவுளே, சாமி மாறினாலும் காலில் விழுவது மாறுவதில்லை.

"எழுந்திருய்யா! இது சோப்பு!" என்று கத்தியவள் சாமியின் கையைப் பிடித்து இழுத்தாள். நகத்தடியில் வெள்ளையாகச் சோப்பு. "அடப்பாவி! இத போட்டு அன்னைக்கே கழுவியிருந்தா அவர் கால் இப்படி அழுகுமா? கழுவாதேன்னு சொல்லிட்டு நீ நகத்துல ஒளிச்சு வச்சிருக்கியே!" அழுதுகொண்டே படியிறங்கி ஓடினாள்.

மருத்துவமனையில் கணவனின் உயிர் தப்பியது. இரண்டு கால்விரல்களை மருத்துவர் எடுக்க வேண்டியதாயிற்று.

சாமி கம்பி நீட்டிவிட்டார். காலில் விழுந்தவர் மட்டும் மறுநாள் தையல்காரியைத் தேடி வந்தார்: "அந்தச் சோப்பு எந்தக் கடையிலம்மா? அதுலதான் சக்தி இருக்கோ?"

ஐயா, மிளகே ஒரு தடவைக்கு மேல் ஏமாறவில்லை. நீங்கள் இன்னும் எத்தனை தடவை?