எட்டரை மாமாவும் எங்கள் மாடியும்

நாள் என்பது நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாறுகிறது என்று உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறார்கள். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் மட்டும் அது காலை எட்டரைக்கு மாறும். மாற்றுகிறவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறதாம். பங்குச் சாமியாரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. தெருவுக்கு அவர் ‘எட்டரை’. என் அம்மா அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு எட்டரை மாமா.

“ஏழரைகூட ஏழரை வருசத்துல வுட்டுட்டுப் பூடும். இது எட்டரை, போவாது” என்று சொல்வது வேறு யாருமில்லை, அவர் மனைவி. அதாவது என் அத்தை.

மாமாவுக்குத் தொழில், எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுவது. உயிர், மழையை அளப்பது. அவர் வீட்டு முற்றத்தில் ஒரு பச்சை டப்பா நட்டிருக்கும். மேலே புனல், உள்ளே பாட்டில். தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட ஒல்லியான கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, முந்தின நாள் எட்டரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று நீள நோட்டில் எழுதுவார். வானிலை மையத்துக்காரர்களுக்கும் அதுதான் நேரமாம். சித்திரை வெயிலில்கூடப் போய் எட்டிப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதிவிட்டு வருவார்.

“ஏன் மாமா, பெய்யலன்னுதான் தெரியுமே. அப்படியே எழுதிட வேண்டியதுதான?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பாக்காம எழுதுனா அது பொய்யி. பாத்து எழுதுனா அது பூஜ்யம்” என்றார்.

இதில் ஒரு பேஜார் உண்டு. எட்டரைக்கு மேல் பெய்கிற மழை மறுநாள் பெயரில்தான் போகும். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஊரே வெள்ளக்காடு. டீக்கடையில் தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட நின்ற மாமாவிடம் என் அப்பா, “இன்னா மச்சான், இன்னிக்கு செம மழ” என்றார். மாமா முகத்தை வழித்துக்கொண்டே, “இன்னிக்கு பூஜ்யம் மச்சான். இது நாளைய மழ” என்றார். டீ மாஸ்டர், “அப்ப இந்த டீக்கும் காச நாளைக்குத்தான் தர்றியா?” என்றான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஏழரைக்கு ஆரம்பிக்கும். எட்டு இருபதானால் மூன்றாவது வரிசையில் ஒரு சட்டை எழுந்துவிடும். கோயிலில் பாதிப் பேர் பூசை முடிந்துவிட்டது என்று அவரோடு எழுந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் சாமியாரே பீடத்திலிருந்து, “அவரு மழைக்குப் போறாரு. மத்தவங்க உக்காருங்க, ஆண்டவரு இன்னும் ஆசீர்வாதம் குடுக்கல” என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இத்தனை செய்தாலும், மழை வருமா என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப்போகிறவர்கள், கல்யாணப் பந்தல் போடுகிறவர்கள், வடகம் காயவைக்கிற என் அம்மா என எல்லாரும் கேட்டு ஏமாந்தவர்கள்தான்.

“அண்ணே, வடகம் போடட்டா? மழ வருமா?”

“வந்தப்புறம் கேளு தங்கச்சி. எவ்வளவுன்னு சொல்றேன்.”

“வந்தப்புறம் எனக்கே தெரியாதா?”

“நான் அளக்கறவன். ஜோசியம் பாக்கறவன் இல்ல.”

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி விழுப்புரத்தில் இருந்தான். மழை அளப்பவர்களின் வாட்சப் குழுவில் இருக்கும் ஒருவன். பெயர் தெரியாது, ‘விழுப்புரத்தான்’ என்றே சொல்வார். நாலு மேகம் தெற்கே நகர்ந்தால் போதும், மாமாவுக்குச் சொத்தில் பங்கு போனது மாதிரி முகம் ஆகிவிடும். “அவனுக்கு நாப்பத்திரெண்டாம்! எனக்கு நாலு! நடுவுல இன்னா, சொவரா கட்டியிருக்குது?” என்று அத்தையிடம் சண்டைக்குப் போவார், மழையை அத்தைதான் பங்கு போட்டுக் கொடுத்தது மாதிரி.

அந்த விழுப்புரத்துக்கே ஒருமுறை சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தனியாகப் போய், இரவு தங்கும்படி ஆனது. மறுநாள் எட்டரைக்கு வீடியோ கால் வந்தது. அத்தை ஒரு கையில் போன், ஒரு கையில் கிளாஸ்.

“கண்ண தண்ணி மட்டத்துக்கு எறக்கு. இன்னும் எறக்கு.”

“கழுத்து ஒடியுதுய்யா. பதினொன்னு!”

“பதினொன்னா, பதினொன்னு புள்ளி எதுவாச்சுமா?”

“ஒரு கோடு மேல கீது. அதுக்கு ஒரு பேரு வெச்சி நீயே எழுதிக்க!”

அன்று மாலையே கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக்கூட எதிர்பார்க்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். வேறு யாரும் அளந்துவிடக் கூடாது என்று, வீட்டைவிட்டுப் போனால் கிளாஸையும் சட்டைப் பையில் கூடவே எடுத்துப் போகும் பழக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. அந்தக் கோட்டின் வருத்தம் அப்படி.

மழை போதாது என்று வெயிலையும் அளக்க ஆரம்பித்தார். முற்றத்தில் நாலு காலில் ஒரு வெள்ளை மரப்பெட்டி முளைத்தது. காற்று போக நாலு பக்கமும் சாய்வுச் சட்டம், உள்ளே தெர்மாமீட்டர். அடுத்த வெள்ளிக்கிழமை அது ஐம்பத்தெட்டு டிகிரி காட்டியது. மாமா பெருமையும் பயமுமாகக் குழுவில் போட்டார். விழுப்புரத்தான் சிரிக்கும் பொம்மையாக இருபது அனுப்பினான். பெட்டிக்குள் குனிந்து பார்த்தால் ஒரு மூலையில் உருகிய மெழுகுவர்த்தி, இன்னொரு மூலையில் கற்பூரக் கரி. மாதா கெபி என்று கிழக்குத் தெரு நினைத்திருக்கிறது. அம்மன் கூடு என்று மேற்குத் தெரு நினைத்திருக்கிறது.

‘இது சாமி இல்லை. தெர்மாமீட்டர்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். மறுநாள் அந்த அட்டைக்குப் பூ வைத்திருந்தது. அதற்கடுத்த நாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்று, “ஏங்க, இந்தச் சாமி காச்சலுக்கு நல்லதாமே?” என்றாள். மாமா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இருவரையும் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். குழந்தைக்கு இரண்டு நாளில் குணமாகிவிட்டது. அதோடு பெட்டியின் புகழ் வானூர்வரை போனது.

சிரிக்கிறோமே தவிர, அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் சிரிப்பு வராது. பன்னிரண்டு வருஷம். தினம் ஒரு கட்டம். காய்ச்சலில் படுத்தபோதும், அவருடைய அப்பா இறந்த அன்றும், காலி என்று ஒரு கட்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவர் அவர். தான் உருப்படியாக எழுதி முடித்தது இது ஒன்றுதான் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நோட்டுக்கு வந்த ஆபத்து நான்.

என் அப்பா கொத்தனார். திண்டிவனத்தில் எத்தனையோ மாடி அவர் கை வைத்தது. எங்கள் வீட்டுக்குத்தான் மாடி இல்லை. மொட்டை மாடியில் நாலு மூலைக் கம்பிகளும் காலி பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருஷக்கணக்காக நின்றன. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்தது ஒரே அறை. டிவி, மிக்ஸி, அம்மாவின் போன் பேச்சு எல்லாவற்றுக்கும் நடுவில் நான். அப்பா ஒருநாள் பாட்டில்களைக் கழற்றி எறிந்துவிட்டு, “புள்ளைக்கு மேல ஒரு ரூம் எடுத்துடலாம்” என்றார்.

செங்கல் வந்து இறங்கிய அன்று சாயந்திரம் மாமா டேப்போடு எங்கள் சுவரோரம் வந்தார். டப்பாவிலிருந்து சுவர்வரை அளந்தார். இருபத்துநாலு அடி. சுவரை அண்ணாந்து பார்த்தார். போய்விட்டார். மூன்று நாள் டீக்கடைப் பக்கம்கூட வரவில்லை.

நாலாம் நாள் அத்தை மதில் மேல் எட்டி அம்மாவிடம் சொன்னாள்: “சோறே எறங்கல அவருக்கு. சொவரு எவ்வளவு ஒசரமோ அதப்போல ரெண்டு மடங்கு தள்ளி இருக்கணுமாம் டப்பா. இல்லன்னா சாஞ்சி வர்ற மழைய சொவரு மறைச்சிடுமாம். மாடி வந்தா இங்க எதுவுமே தேறாதாம். எங்க முத்தத்துல வேற எடமும் இல்ல.”

அப்பா சிமெண்டுக் கையோடு போனார். “மச்சான், வாயத் தொறந்து சொன்னா இன்னா? வேற மூலையில தள்ளிக் கட்டறேன்.”

“கம்பி எங்க கீதோ அங்கதான மச்சான் கட்டணும்? எனக்கா கட்டட வேல தெரியாது? கட்டு.”

“பன்னெண்டு வருசம் எழுதிக்கினு கீறியே.”

“கட்டுன்றேன்ல!”

முதலில் நாலு மூலையிலும் தூண் மட்டும் எழும்பியது; தளம் போட்ட பிறகுதான் சுவர். மேல்தளத்துக்குக் காங்கிரீட் போட வேண்டிய நாள் வந்தது. கலவை மிஷின் கிடைத்ததோ ஐப்பசியில். முந்தின நாள் அப்பா மதிலோரம் நின்று கேட்டார்: “மச்சான், நாளைக்குத் தளம். மழ வருமா?”

‘வரும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிஷின் திரும்பிப் போகும், இனி தை மாதம்தான். டப்பாவுக்கு இன்னும் மூன்று மாத உயிர் கிடைத்திருக்கும். நான் மாமாவின் முகத்தையே பார்த்தேன்.

“எனக்கின்னா தெரியும்? வந்தா எவ்வளவுன்னு சொல்றேன்” என்றார்.

காலை வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. ஆறரைக்கு மிஷின் ஓட ஆரம்பித்து, எட்டு மணிக்குத் தளம் முழுக்கப் பரப்பியாயிற்று. எட்டே காலுக்கு மயிலம் பக்கமிருந்து கருப்பாக ஒன்று வந்தது. அப்பா ஒரு நிமிஷம் கரணையைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே நின்றார். முதல் சொட்டுகள் ஈரக் காங்கிரீட்டில் குழி குழியாக விழுந்தன. அந்த மழை அரைமணி பெய்தால் சிமெண்டு பால் ஓடி, தளம் வெறும் ஜல்லியாக நிற்கும். எங்களுக்கு அதை இன்னொரு முறை போட வழியில்லை.

அப்போது ஏணியில் ஒரு நீலத் தார்ப்பாய் ஏறி வந்தது. அதற்கடியில் மாமா. கடையில் மோட்டார்களை மூடுகிற பாய்.

“இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? ஜல்தி, அந்த மூலைய புடி!”

ஒரு மூலையில் அப்பா, ஒரு மூலையில் நான், ஒரு மூலையில் மிஷின்காரர், நாலாவதில் மாமா. காற்று பாயை எங்களோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தது. கீழேயிருந்து அத்தையின் குரல் வந்தது:

“யோவ், எட்டு இருவத்தெட்டு! எறங்கி வாய்யா!”

“நீ அளந்துடு!”

“கிளாஸு உன் சட்டப் பையிலதான கீது! நான் எதுல அளக்கறது, கொழம்புக் கரண்டியிலயா?”

“மச்சான், கல்ல வெச்சிட்டு நீ போ” என்று அப்பா கத்தினார்.

“கல்ல வெச்சா காத்து தூக்கிடும். பேசாம புடி!”

எட்டரைக்கு அவர் போனில் அலாரம் அடித்தது. இரண்டு கையிலும் பாய். நிறுத்த முடியவில்லை. அது அடித்தது, ஓய்ந்தது, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் காங்கிரீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது ஒன்பது தாண்டிவிட்டது. நேராக டப்பாவுக்குப் போனார், அளந்தார், நோட்டை விரித்தார். அந்தக் கட்டத்தை நான் பிறகு பார்த்தேன். ‘31. ஒன்பது பத்துக்கு அளந்தது. எட்டரைக்கு ஆள் இல்லை.’

தளம் நின்றது. அறையும் எழும்பிவிட்டது. இதை அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எங்கள் பக்கமிருந்து சாய்ந்து வரும் மழை எங்கள் சுவரில் அடித்து வழிந்துவிடுகிறது. மாமாவின் எண்ணிக்கைகள் இளைத்துக்கொண்டே போகின்றன. போன வாரம் ஒரு காலை, விழுப்புரத்தானின் குரல் மாமாவின் போனில் முழுச் சத்தத்தில் கேட்டது: “அண்ணே, உங்க அளவு தப்பா வருது. டப்பாவ வேற எடத்துக்கு மாத்துங்க, இல்லன்னா குரூப்புல போடாதீங்க!”

மாமா பதில் சொன்னால் வழக்கமாகத் தெருமுனை டீக்கடையில் கேட்கும். அன்று போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, என் மாடி ஜன்னல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, ரகசியம் மாதிரி பேசினார். அவருடைய ரகசியம் மாடிவரை கேட்கும்.

“மழ கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது. மேல புள்ள படிச்சிக்கினு கீது. நீ கத்தாத.”

என் சுவரில் வழிந்து, அவர் டப்பாவுக்குப் போய்ச் சேராத மழை எவ்வளவு என்று அளக்க மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.