கடிகாரமும் கம்பளிக் கோட்டும்

மனைவி தெல்மாவைக் கேட்காமல் ஒரு காரியம் செய்வதென்று முடிவெடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. கணப்புக்கு மேலே நிற்கும் அவள் அப்பா வீட்டுக் கடிகாரத்தை விற்று, அவளை ஃப்ளோரிடா கடற்கரைக்குக் கூட்டிப் போக வேண்டும். இந்தக் குளிர்காலத்தை அவள் தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் விற்க வேறென்ன இருந்தது, என்னைத் தவிர? என்னை யார் வாங்குவார்?

பழம்பொருள் மதிப்பிடும் ப்ரூயிட் வந்தார். தெல்மா சோபாவில் போர்வைக்குள் படுத்திருந்தாள். "சும்மா பார்க்கத்தான்" என்று அவளிடம் புளுகியிருந்தேன்.

"பெட்டி அருமை. நம்ம ஊரு பிரிஸ்டல்லயே செஞ்சது. உள்ளே ஒட்டின கம்பெனிக் காகிதம்கூட கிழியல. கதவுக் கண்ணாடிப் படமும் அசல்" என்றார் ப்ரூயிட், கடிகாரத்தைத் திறந்து பார்த்து.

நான் அப்போதே கடல் மணலில் கால் புதைத்துவிட்டேன்.

"ஆமா, பெண்டுலம் எங்கே? சாவி எங்கே?"

நேற்றுவரை இரண்டும் இருந்தன. தெல்மாவைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பார்க்கிறே? நான் நோயாளி."

"ஓடவிட்டுப் பார்க்காம என்ன விலை சொல்றது? இப்படியே குடுத்தா பாதிகூடத் தேறாது" என்று ப்ரூயிட் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கேடி ஒளிச்சு வெச்சே?"

"தேடிக்கோ. கண்ணு முன்னால இருக்கிற வெண்ணெயே உனக்குத் தெரியாதே!"

"உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகத்தான்..."

"கடல்னா என்ன, தண்ணிதானே? மழை பெஞ்சா நம்ம கொல்லையிலயே நிக்குது."

"அந்தக் கடிகாரம் எதுக்கு நமக்கு?"

"நமக்கு இல்ல எவரெட், உனக்கு. நான் போனப்புறம் மணிக்கொரு தரம் உன்னைக் கூப்பிட இந்த வீட்ல ஒரு குரல் வேண்டாமா?"

நான் விறகு எடுத்துவர வாசல் பக்கம் நடந்தேன்.

"வெளியே போனா கோட்டைப் போட்டுக்கோ. இருமறே."

அவள் வாங்கித் தந்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு அது. போட்டால் கரடி மாதிரி இருக்கிறேன் என்று நான் தொட்டதே இல்லை. எங்களுக்குள் தீராத வழக்கு.

மார்ச்சில் அவள் போய்விட்டாள். மாவு டப்பா, தையல் பெட்டி, மெத்தை அடி எல்லாம் துழாவினேன். பெண்டுலம் அகப்படவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. தாங்க முடியாமல் அழுதேன்.

நவம்பரில் முதல் பனி. கல்லறைக்குப் பூ கொண்டுபோகக் கிளம்பினேன். குளிர் எலும்பைக் குடைந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு கோட்டை மாட்டினேன். பாக்கெட்டில் கைவிட்டால் சில்லென்று பெண்டுலம். பக்கத்திலேயே சாவி.

அப்படியே உள்ளே திரும்பிப்போய்ப் பெண்டுலத்தை மாட்டிச் சாவி கொடுத்தேன். முள்ளை நகர்த்தினேன். மணி அடித்தது.

"போட்டுட்டேன் தெல்மா, போட்டுட்டேன்" என்றேன்.