நாற்பது பெட்டி எங்கே?

பிள்ளைகளுக்கு வாய்ப்புச் செலவைக் கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு நாள் காலையில் தோன்றியது. மாலைக்குள் அது சுற்றறிக்கை ஆயிற்று. 'ஒன்றை உற்பத்தி செய்வதற்காகக் கைவிடப்படும் மற்றொன்றே வாய்ப்புச் செலவு எனும் பேருண்மையை ஐந்தாம் வகுப்பு மாணாக்கர் செய்முறையாக உணரக் கடவர்.' உணர்வதற்கு முப்பது அட்டையும் கூடவே வந்தது.

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாவது, இந்தப் பாடத்தைப் பார்க்க வரும் அதிகாரியின் குறிப்பில் இருக்கிறது என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். பயந்துகொண்டேதான் ஆரம்பித்தாள்.

"ஓர் அட்டையில ஒரு முகமூடி வரும். இல்லேன்னா ரெண்டு பென்சில் பெட்டி வரும். எதைச் செய்யலாம்?"

பள்ளி நாடகத்தில் நடிக்கிறவர்கள் முகமூடி என்றார்கள். நடிக்க இடம் கிடைக்காதவர்கள் பெட்டி என்றார்கள். அரைமணி நேர அடிபிடிக்குப் பிறகு இருபது முகமூடி, இருபது பெட்டி என்று முடிவாகி, அட்டைகளில் பென்சில் கோடும் போட்டாயிற்று. எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வக்கீல் என்று பெயரெடுத்த சிறுமி எழுந்தாள். "இருபது முகமூடிக்காக நாப்பது பெட்டியை விட்டுட்டோம் டீச்சர்." அவள் பெட்டிக் கட்சி.

டீச்சர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதினாள். மறுநாள், கத்தரிக்கோல் எடுப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கரும்பலகையைப் படித்தார்.

"நாப்பது பெட்டி எங்கே?"

"செய்யலை சார். முகமூடிக்காக விட்டுட்டோம்."

"அட்டையும் கொடுத்து, நாப்பது பெட்டி நஷ்டமா?"

"நஷ்டம் இல்லை சார். அதுதான் பாடமே."

"பாடம் வேறம்மா, படிவம் வேற. இழப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதில நாப்பதுன்னு போட்டா மேல என்னைக் குடைவாங்க."

"எல்லாத்தையும் பெட்டியாவே செஞ்சிடவா?"

"அப்ப முப்பது முகமூடி போச்சுன்னு எழுதணுமே."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "எதையுமே செய்யலைன்னா சார்?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "ஒண்ணைச் செஞ்சாத்தானே இன்னொண்ணை விடணும்!"

வக்கீல் கையைத் தூக்கினாள். "ஒண்ணுமே செய்யலைன்னா ரெண்டும் போச்சே சார்."

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு டீச்சரைப் பார்த்தார். வகுப்பே டீச்சரைப் பார்த்தது.

"நான் சொன்னது சரியா தப்பா டீச்சர்?" என்றாள் வக்கீல்.

"அடுத்த வாரம் பார்க்கலாம். உக்காரும்மா."

அட்டைகள் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. இழப்புக் கட்டத்தில் பூஜ்யம் ஏறியது. பள்ளி முன்மாதிரிப் பள்ளியாயிற்று. எப்படிப் பூட்டினீர்கள் என்று பார்த்துப் போக மற்றப் பள்ளிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாடகத்தில் முகமூடி இல்லாத புலி, தான்தான் புலி என்று மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று.

வருஷக் கடைசியில் பாராட்டு விழா. 'வாய்ப்புச் செலவை அறவே ஒழித்த மாணாக்கர்' என்று முப்பது பிள்ளைகளுக்கும் சான்றிதழ். டீச்சருக்கு நிரந்தர வேலைக்கான ஆணை. பெற்றோர் கை வலிக்கத் தட்டினார்கள்.

வக்கீல் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பென்சிலில் இரண்டு வட்டம்.

"டீச்சர், இது முகமூடிக்கு நாங்க வரைஞ்ச கண்ணு."

சான்றிதழ் அச்சடிக்கத் தாள் வாங்க அனுமதி வராததால் அலமாரியைத் திறந்தது டீச்சருக்குத் தெரியும்.

"அடுத்த வாரம்னு சொன்னீங்களே. நான் அன்னைக்குச் சொன்னது சரியா தப்பா?"

இனி யார் என்ன செய்துவிட முடியும்? சரி என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தாள். அதற்குள் தலைமையாசிரியர் காதோரம் குனிந்தார். "அடுத்த வருஷம் உங்களுக்குப் பதவி உயர்வு வருதும்மா. அதுக்கும் இந்த அதிகாரிதான் குறிப்பு எழுதணும்."

"பெரிய வகுப்புக்குப் போனா உனக்கே புரியும்," என்றாள் டீச்சர். "போய் உக்காரு."

வக்கீல் உட்காரவில்லை. பென்சில் முனையால் இரண்டு வட்டத்தையும் குத்தித் திறந்து, சான்றிதழை முகத்தில் வைத்துக்கொண்டு, ஓட்டை வழியாக டீச்சரையே பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள் அவள் அம்மா பின்வரிசையிலிருந்து. "கண்ணாடி போட்டு மாட்டலாம்னு சுவத்தில ஆணி கூட அடிச்சிட்டேனே."