மேரி அக்கா மாடியில் மாப்பிள்ளை பார்த்த கதை

எங்கள் தெருவில் சேதிக்கு எப்போதும் முழு சிக்னல் உண்டு. போனுக்குத்தான் கிடையாது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய கடைசித் தெரு. வீடியோவில் ஒரு முகம் உறைந்துபோகாமல் தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மேரி அக்காவின் மொட்டைமாடிக்குத்தான் ஏற வேண்டும்.

என் மகன் சதீஷ் குடித்துக்கொண்டிருந்தான். அதைவிட, அவன் அதை ஒத்துக்கொள்ளாததுதான் என்னைக் கொன்றது. கேட்டால், "பிரெண்ட்ஸுக்குக் கம்பெனி குடுக்க ஒரு பீரும்மா" என்பான். (அந்த ஒரு பீர் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காது.) பாண்டிச்சேரியில் டாக்டர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் குடியை நிறுத்தச் சொல்லி ஒருவனைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போவது, எறும்பைச் சர்க்கரை டப்பாவில் போட்டு விரதம் இருக்கச் சொல்வது மாதிரி. அதனால் ஆன்லைனில் தேடி, சென்னையில் ஓர் ஆலோசகர் அம்மாவிடம் நேரம் வாங்கினேன்.

"ஒரே ஒரு தடவதான் பேசுவேன். புடிக்கலன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றான் சதீஷ். அந்த ஒரு தடவை கெட்டுவிடக் கூடாது. என் பயமெல்லாம் அதுதான்.

மாடி கேட்கப் போனேன். "எதுக்கு டீச்சர்?" என்றார் மேரி அக்கா. பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியே தலை நரைத்தவள் நான். என் வாய் கூசாமல், "பொண்ணு வீட்டுக்காரங்க வீடியோல பேசறாங்கக்கா" என்றது.

மறுநாள் மாடியேறினால், காயவைத்த கருவாடு இருந்த இடத்தில் கேசரி. பின்னால் திரைச்சீலையாக மேரி அக்காவின் கல்யாணப் பட்டுப் புடவை. சதீஷைப் பிடித்து உட்காரவைத்து முகத்தில் பவுடர் அப்பிவிட்டார். "என்னம்மா இது?" என்று கண்ணாலேயே கேட்டான். (என் கணவர், "எனக்குப் படபடன்னு வருது" என்று காலையிலேயே எங்கோ மறைந்துவிட்டார். புத்திசாலி.)

"நீங்க கீழ போங்கக்கா" என்று கெஞ்சினேன்.

"பையன் பக்கம் பெரியவங்க இல்லன்னா மதிக்க மாட்டாங்க டீச்சர். நீ சும்மா இரு."

மாடிக் காற்றில் பேச்சு கேட்காது என்று ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தோம்.

"வணக்கம் சதீஷ். எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

சதீஷ் வாயைத் திறப்பதற்குள் மேரி அக்காவின் தலை போன் திரைக்குள் நுழைந்தது. "யாரும்மா அப்படிச் சொன்னது? எங்க புள்ள டீகூடக் குடிக்காது!"

"நீங்க..?"

"பையனுக்குப் பெரிம்மாங்க."

"சரிங்கம்மா. இவர் குடிய விடறப்ப கூட இருந்து பாத்துக்க ஆள் வேணும். வீட்ல யார் இருப்பாங்க?"

"அதான் உங்க பொண்ணு வந்துடுதே!"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "என் பொண்ணு எட்டாவது படிக்கிறாங்க."

மேரி அக்கா நெஞ்சில் கைவைத்து என் பக்கம் திரும்பினார். "டீச்சர்! எட்டாவதா? போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்!"

அப்படியே உப்பளத்தில் குதித்துவிடலாம், கெட்டுப்போகாமலாவது இருப்பேன் என்று தோன்றியது.

சதீஷ் சிரிக்க ஆரம்பித்தான். பவுடர் உதிர உதிரச் சிரித்தான். பிறகு நிறுத்தினான்.

"பெரிம்மா, இவங்க பொண்ணு வீடு இல்ல. குடிய விட வைக்கிறவங்க. நான் தெனமும் குடிக்கிறேன். விடணும்னுதான் பாக்கறேன். முடியல."

இதை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. பட்டுப் புடவை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் அழுதேன். மேரி அக்கா கேசரிச் சட்டி பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு போனருகே குனிந்து, அதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில், "அம்மா, எங்க வூட்டுக்காரரையும் இதுல சேத்துப்பீங்களா?" என்றார்.

(அந்தோணி அண்ணன் தெருமுனையில் விழுந்து கிடப்பதெல்லாம் சுகர் மயக்கம் என்றுதான் அக்கா சொல்லிவந்தார். நாங்களும் நம்பிவந்தோம்.)

"தாராளமா" என்றார் ஆலோசகர். "ஆனா ரெண்டு பேரும் திடீர்னு தானா நிறுத்தக் கூடாது. மொதல்ல பெரிய ஆஸ்பத்திரில டாக்டரப் பாத்துடுங்க."

இப்போது வாரந்தோறும் இருவரும் மாடியேறுகிறார்கள். சதீஷ் நடுவில் ஒருமுறை சறுக்கினான். மறு வாரம் தானே ஏறினான். இன்றும் அவன் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆலோசகருக்கு எங்கள் வீட்டில் சம்பந்தியம்மா என்று பெயர்.

போன வாரம் அவன் மாடியிலிருந்து இறங்கிவந்ததும் அவன் அப்பா வழக்கம்போலக் கேட்டார்: "என்னடா, பொண்ணு வீட்ல என்ன சொன்னாங்க?"

"இன்னும் புடிச்சிருக்காம்ப்பா. அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க."